கொட்டடியில் நாக்கைத் தட்டக் கூடாது

எனக்குக் குதிரை என்றால் பயம். இதை இந்த வயதில் வெட்கமில்லாமல் எழுதுவதைப் பார்த்தால் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாகூர் பக்கம் வந்து 'ரேஸ் குதிரைக்காரர் வூடு எது' என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்கும் கரும்புக்கும் நடுவில், சவுக்குக் கழியால் அடைத்த ஒரு கொட்டடி இருக்கிறது. அதில் ஒரு பொலிகுதிரை. சுற்று வட்டாரத்தில் பெண் குதிரை வைத்திருப்பவர்கள் சினைக்கு விட எங்களிடம்தான் ஓட்டி வருகிறார்கள். அந்தக் குதிரைக்குச் சொந்தக்காரன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் நான், அதன் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போவதற்கு முன் இரண்டு முறை ஒன்றுக்குப் போய்விட்டு வருவேன்.

குதிரை என் மனைவியுடையது. அவள் சென்னையில், ரேஸ் கோர்ஸுக்குப் பின்னால் குதிரைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் குதிரைகளைக் கையில் பிடித்து நடத்தியவர். அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்ட குதிரைக்கு முன்னங்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. இனி ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை என்ன செய்வதென்று அதன் முதலாளிக்குத் தெரியவில்லை. மாமனார், "எம் பொண்ணு வூட்ல எடம் கீது சார்" என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். குதிரை இங்கேயே தங்கிவிட்டது.

செம்பழுப்பு நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. நான் பக்கத்தில் போய் நின்றால் அதன் முதுகு என் தலைக்கு மேலே இருக்கும். ரேஸில் அதற்கு வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அவள் 'தொரை' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தொரை சாப்பிட்டு முடிக்கும் வரை எனக்குக் காபி கிடையாது என்பது வீட்டில் எழுதாத சட்டம் ஆனதால், பெயர் பொருத்தம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொலிக்கு விடும் யோசனையும் என்னுடையது அல்ல. வில்லியனூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்பும் ஒருவர், கரும்பு வண்டிக்கு வழிவிட்டு எங்கள் வீட்டோரம் நின்றபோது தொரையைப் பார்த்துவிட்டார். வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "இந்த ஜாதியில ஒரு குட்டி கெடச்சா போதும்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூலக்குளத்தில் ஒரு கடையில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தோம். கடைக்காரர் கல்யாண பேனருக்கு வைத்திருந்த டிசைனையே போட்டுவிட்டார். மேலே பிள்ளையார், ஓரத்தில் தாமரை, மாப்பிள்ளை முகம் வரவேண்டிய வட்டத்துக்குள் தொரையின் முகம். ஒரு வாரத்துக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்டார்கள்.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர்கள், வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுபவர்கள். நம் பக்கத்துக் குதிரைகள் உயரம் குறைந்தவை, உழைப்பாளிகள். தாயின் உழைப்பும் தொரையின் காலும் சேர்ந்த ஒரு குட்டி வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை.

இதில் எனக்குக் கொடுக்கப்பட்டது சின்ன வேலை. பெண் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்துக்குப் பக்கத்தில் நிற்பது, அவ்வளவுதான். முதலில் மார்பளவு உயரமான பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண் குதிரையை நிறுத்துவோம், அந்தப் பக்கம் தொரை. பருவத்தில் இருந்தால் அது வாலைத் தூக்கி ஒதுக்கி அசையாமல் நிற்கும். இல்லையென்றால் கிறீச்சென்று கத்திப் பலகையை உதைக்கும். அந்த உதை விழும் சத்தம் எனக்கு வயிற்றுக்குள் கேட்கும். பருவம் சரியாக இருக்கிறது என்று அவள் தலையாட்டினால், வாலைத் துணியால் சுற்றிக் கட்டி, வெளியில் மணல் கொட்டிய இடத்துக்குக் கொண்டுபோவோம். தொரையை அவள் நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவாள்.

அந்தக் கோலத்தை நீங்கள் பார்க்கவேண்டும். என் பழைய முழுக்கைச் சட்டை, சுடிதார் பேன்ட், தலையில் ஸ்கூட்டி ஹெல்மெட். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான பெண். அவள் கையில், இரண்டு காலில் எழுந்து நிற்கத் துடிக்கிற அவ்வளவு பெரிய உயிர். தொரை வரும்போது தரை அதிரும். கழுத்தை வில்லாக வளைத்து மூக்கால் சீறும். ஆனால் அவள் "நில்லு" என்றால் நிற்கும். கண் எல்லாம் வெள்ளையாகத் தெரிய, உடம்பு முழுக்க நடுங்க, அவள் ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் பெண் குதிரையின் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்றே ஒன்றைத்தான் நினைப்பேன். இன்றைக்கு இவளை நான் பறிகொடுக்கப் போகிறேன். ஒவ்வொரு முறையும் அதே நினைப்பு. முடிந்ததும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைக்கும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

என் பயத்துக்கு ஒரு சத்தம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாங்கள் மாட்டுக்காரர்கள். கறவை மிரண்டால் எங்கள் வீட்டில் யாரும் அதட்டுவதில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி மெதுவாக எடுத்து, ட்டொக், ட்டொக் என்று தட்டுவோம். மாடு காதை மடித்து அமைதியாகிவிடும். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். எங்கள் பக்கம் பல கொட்டகைகளில் இந்தப் பழக்கம் உண்டு. என் அம்மா தட்டிக் கேட்டு, ஐந்து வயதிலிருந்து நானும் தட்டுகிறேன். ஆனால் எனக்கு மட்டும் அது மாட்டோடு நிற்கவில்லை. இடி இடித்தால் தட்டுவேன். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால் தட்டுவேன். பயம் வந்தால் வாய் உலர்ந்து நாக்கு தானாக மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கடலூர் ரோட்டில் வண்டி ஓட்டினேன். எதிரில் பஸ் வரும்போதெல்லாம் தட்டியிருக்கிறேன் போல. வீட்டுக்கு வந்து இறங்கியதும், "இன்னாங்க, வழி நெடுக யார கறந்துக்கினு வந்தீங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ரேஸ் குதிரைக்கு அதே சத்தம் வேறு பாஷை. நாக்கைத் தட்டினால் 'போ' என்று அர்த்தம். கயிற்றை விட்டுவிட்டேன், இனி உன் இஷ்டம், பற என்று அர்த்தம். தொரை குட்டியாக இருந்தபோதிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் ஓடியிருக்கிறது. வந்து இறங்கிய முதல் நாளே அவள் என்னை எதிரில் நிற்கவைத்துச் சொன்னாள்: "இது எதுர்ல மட்டும் நாக்க தட்டாதீங்க. மாட்டுக் கொட்டாயில இன்னா வேணா பண்ணுங்க. கொட்டடிக்குள்ள தட்டக் கூடாது." குதிரை ஓட்டி வருபவர்களும் எங்களைப்போல மாடு வளர்ப்பவர்கள் என்பதால், வாசலிலேயே அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுவாள். நான் நாக்கைக் கீழ்ப்பல்லுக்கு அடியில் மடித்துக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். நான்கு வருடம் அப்படியே ஓடியது.

போன மாசியில் ஒரு நாள் காலை நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர் குட்டியானை என்கிற சின்ன லாரியில் தன் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்தார். அறுபது வயது தாண்டியவர். நெல்லும் கொஞ்சம் மாடும் வைத்திருப்பவர், கல்யாண ஊர்வலத்துக்கு இந்த ஒரு குதிரையை அனுப்புவார். வெள்ளைக் குதிரை. எங்கோ மாப்பிள்ளை அழைப்பில் வைத்த குங்குமம் நெற்றியில் இன்னும் அழியாமல் இருந்தது.

"இதுக்கும் வயசாவுது தம்பி" என்றார் என்னிடம். "இது வயித்துல ஒரு குட்டி என் கொட்டாயில நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

வண்டியிலிருந்து பலகை வழியாக இறங்க அந்தக் குதிரை தயங்கியது. அவர் கயிற்றைத் தளர்த்திவிட்டு, யோசிக்காமல் ட்டொக், ட்டொக் என்று நாக்கைத் தட்டினார். குதிரை காதை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு காலாக வைத்து அழகாக இறங்கிவிட்டது. உள்ளே தொரை கதவில் மோதியது கேட்டது. கொட்டடி முழுக்க ஆடியது.

என் மனைவி ஓடிவந்தாள். "அண்ணே, அண்ணே! வாய மூடுங்கண்ணே!" என்று கத்திவிட்டு, பிறகு தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்க தோசம்மா. மாட்டுக்குச் செஞ்சி செஞ்சி இதுக்கும் அதே பாசயா பூடுச்சி. இனிமே பாரு, மூச்சி உடமாட்டேன்." சொன்னபடியே, வேலிக்கு வெளியில் தள்ளிப் போய், துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாகக் குதிரைக்காரர் வால் பக்கம் நின்று உதவி செய்வார். திட்டு வாங்கிய கூச்சத்தில் அவர் கிட்டே வரவில்லை.

பலகைச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. வெள்ளைக் குதிரை சாதுவாக நின்றது. மணலுக்குக் கொண்டுவந்தோம். நான் தலைக்கயிற்றைப் பிடித்தேன். அவள் தொரையைக் கொண்டுவந்து ஆறடி தூரத்தில் நிறுத்தினாள். அப்போதுதான் வாலில் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்தாள். துணியோடு வால் சிக்கினால் குதிரைக்குக் காயமாகும். தொரையை இரண்டடி பின்னுக்குத் தள்ளி, "நில்லு" என்றாள். நின்றது. ஒரு கையில் கயிற்றைத் தளர்வாக வைத்துக்கொண்டு, குனிந்து, மறு கையால் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் அவள் குனிந்து நின்றாள். அதை நான் பார்த்திருக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கவேண்டும். வெள்ளைக் குதிரை எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றியது. உதைக்கப் போகிறது என்று நினைத்தேன். வாய் பஞ்சாக உலர்ந்தது. பல்லுக்கு அடியில் வைத்திருந்த நாக்கு எப்போது நழுவியது என்று தெரியாது.

ட்டொக்.

ஒரே ஒரு தட்டு. தொரை பாய்ந்தது.

கண்ணெதிரே பழுப்பாக ஏதோ எழுந்து சூரியனை மறைத்தது. வெள்ளைக் குதிரை என்னை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. திரும்பிப் பார்த்தபோது அவள் மணலில் குப்புறக் கிடந்தாள். இடது கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. ஹெல்மெட் உச்சியிலிருந்து காது வரை பிளந்திருந்தது. தொரை சற்றுத் தள்ளி, கயிறு தரையில் புரள, நடுங்கிக்கொண்டு நின்றது. சொன்னதைத்தானே செய்தேன் என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். "ஐயோ தாயி, இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி" என்று அலறினார். அவரைப் பார்த்து நான் சொன்னேன். இத்தனை நாள் கழித்தும் அந்த வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன.

"நாக்க தட்டாதன்னு தலபாடா அடிச்சிக்கினமேய்யா!"

அவர் அப்படியே நின்றார். கையைத் தூக்கி வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நானா தம்பி தட்டனேன்?" என்றார். பிறகு அவராகவே, "தட்டியிருப்பன். தட்டித்தான் இருப்பன். எனக்கே தெரியாம வந்துடும்" என்று சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் மறுக்கவில்லை. அவருக்குத் தன் நாக்கின் மேல் நம்பிக்கை இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

பெரியவர் தொரையைப் பிடித்துக் கொட்டடிக்குள் அடைத்து, தன் குதிரையை மாட்டுக் கொட்டகையில் கட்டினார். அவருடைய வண்டியிலேயே, குதிரை நின்று வந்த இடத்தில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துப் பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது, பேச்சில்லை. நான் தட்டிக்கொண்டே போனேன் என்று நினைக்கிறேன்.

கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. பிளேட் வைத்தார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொன்னார். மறுநாள் அவளுக்கு நன்றாக நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தொரை தண்ணி குடிச்சிதா?" இரண்டாவது கேள்வி, "யாருங்க தட்டனது?"

"அவருதான்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் தினமும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். வார்டுக்குள் வரமாட்டார். கதவோரம் நின்று, "மன்னிச்சிக்க தாயி" என்பார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவள் அவரை உள்ளே கூப்பிட்டாள். "உடுங்கண்ணே. வேணும்னு தட்டனதா அது? பயத்துல வந்தது. பயந்தவங்கள இன்னா பண்றது?" என்றாள்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பயந்து தட்டுகிறவர் இல்லையே. அவர் குதிரையைத் தேற்றத் தட்டுகிறவர். பயத்தில் தட்டுவது வேறு ஆள். அவள் வாய் தவறிச் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா? அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எழுந்து போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். ஒன்று பழைய பயம். அவள் கை கட்டோடு இருந்த மாதங்களில் தொரைக்குத் தீனி வைப்பதும், சாணி வாருவதும், காலையில் கயிற்றில் பிடித்து நடத்துவதும் என் தலையில் விழுந்தது. வைக்கோலை நீளக் கொம்பால் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் தவிட்டு வாளியோடு உள்ளே போனபோது அது திரும்பி என் தோளை முகர்ந்தது. நான் செத்தேன் என்று நினைத்து நின்றேன். நாக்கு மேலே போனதை உணர்ந்து, ரத்தம் வர அதைக் கடித்தேன். அதைச் செய்யவேண்டிய நாளில் செய்யவில்லையே என்று அங்கேயே வாளியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இரண்டாவது பயம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது. தெரிந்துவிட்டது என்பது அதைவிடப் பெரிய பயம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கப் பழகினாள், டிவி பார்த்தாள், தொரை கனைத்தால் ஜன்னலுக்குப் போனாள். சோறு போடும்போது எப்போதும்போல ரசத்தை முதலில் ஊற்றினாள்.

மூன்று முறை சொல்லிவிட நினைத்தேன். ஒரு முறை அவளிடம். குழம்பில் உப்பு போதவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டேன். ஒரு முறை போனில் அந்தப் பெரியவரிடம். மணி அடித்து அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை வண்டியை எடுத்துக்கொண்டு நெட்டப்பாக்கத்துக்கே போனேன். அவர் வீட்டைச் சிரமமில்லாமல் கண்டுபிடித்தேன். சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கொட்டகையில் அந்த வெள்ளைக் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். துண்டை மடித்து, மூக்குக்குக் கீழே வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

டீக்கடையில் கேட்டேன், ஏன் அப்படி என்று. "ஒரு பொம்பள சாவ பொழைக்க கெடந்துச்சாம், இவரு வாயால. அதுலேந்து குதுர கிட்ட போனா துண்டு கட்டிப்பாரு. ஊர்வலத்துக்கும் அனுப்பறதில்ல. அது மாலை போட்டாலும் தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்குது" என்றார் கடைக்காரர். டீயை வாங்கினேன். குடிக்க முடியவில்லை. கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

ஆவணி பிறந்ததும் அவள் கை ஓரளவு வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து நம்பர் போட்டாள். "அண்ணே, நான்தாண்ணே. குதுர பருவத்துக்கு வந்துச்சின்னா ஓட்டிக்கினு வாங்க. அன்னிக்கி பாதியில நின்னுபோச்சில்ல" என்றாள். அந்தப் பக்கம் அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். "வரணும். நான் கூப்புடுறேன்ல?" என்று சொல்லி வைத்தாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். "வேணாம்டி. தொரைய யார்னா கேட்டா குடுத்துடலாம். உன் காலப் புடிச்சிக் கேக்குறேன். அந்த ஹெல்மெட்ட பாத்தியா நீ? ரெண்டா பொளந்து போச்சிடி" என்றேன்.

"புதுசு வாங்கிட்டேன்" என்றாள். "குதுர மேல தப்பில்லீங்க. அது சொன்னத கேட்டுச்சி."

என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் குட்டியானை வந்து நின்றது. பெரியவர் முன்பக்கத்திலிருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். வாயில் துண்டு கட்டியிருந்தது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். குதிரை பலகையில் இறங்கத் தயங்கியது. அவர் ஒரு சத்தமும் இல்லாமல், கயிற்றை இழுத்து இழுத்து இறக்கினார்.

பலகைச் சோதனை முடிந்தது. வாலைச் சுற்றிக் கட்டி, அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். கொட்டடிப் பக்கம் போகாமல் வீட்டுக்குள் போனாள். ஒரு சொம்போடு திரும்பி வந்தாள்.

"அண்ணே, அந்தத் துண்ட அவுருங்க" என்றாள்.

அவர் தயங்கி, முடிச்சை அவிழ்த்தார். துண்டு இருந்த இடத்தில் தாடி நரைத்துப் படிந்திருந்தது. அவள் சொம்பை நீட்டினாள்.

"வாய் நெறைய ஒரு மடக்கு தண்ணி. முழுங்கக் கூடாது. முடியற வரைக்கும் அப்பிடியே வச்சிக்கணும். வாயில தண்ணி இருந்தா நாக்கு தட்டாது."

அவர் புரிந்துகொண்டு, தலையை ஆட்டி, சொம்பை வாங்கக் கையை நீட்டினார்.

"உங்களுக்கு இல்லண்ணே" என்றாள். "அவருக்கு."

சொம்பு என் பக்கம் திரும்பியது. பெரியவரின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். நான் எதுவோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொம்பை என் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். வாய் நிறையத் தண்ணீர்.

"இருவத்திரண்டு வருசமா கேக்குற சத்தம்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தொரையைக் கொண்டுவரப் போனாள்.

பெரியவர் இந்த முறை வேலிக்கு வெளியில் போகவில்லை. வால் பக்கம், அவர் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றார். தொரை தரை அதிர வந்தது. "நில்லு" என்றாள். நின்றது. என் நாக்கு தண்ணீருக்குள் எழுந்து எழுந்து முட்டியது. ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை. பயம் குறையவில்லை. அதே நடுக்கம், அதே நினைப்பு, இன்றைக்கு இவளை இழந்துவிடுவேன் என்று. ஆனால் வாய் மூடியிருந்தது. அவள் கயிற்றை விட்டுக்கொடுத்தாள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. தொரையைக் கொட்டடிக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் கட்டையையும் செருகிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

நான் தண்ணீரைத் துப்பினேன். வெந்நீராக இருந்தது.

"அண்ணே" என்றேன். "அன்னிக்கி நான்தான்."

அவர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். வண்டியிடம் போனார். வெள்ளைக் குதிரை பலகையின் அடியில் வந்து மறுபடி நின்றுவிட்டது. பழக்கத்தில் அவர் கயிற்றை இழுக்கப் போனார். பாதியில் நிறுத்தினார். கயிற்றைத் தளர்த்தினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தாழ்ப்பாளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள்.

ட்டொக், ட்டொக்.

குதிரை இரண்டு காதையும் அவர் பக்கம் திருப்பியது. ஒவ்வொரு காலாக வைத்து மேலே ஏறிப் போனது. அவர் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் தட்டிக்கொண்டே இருந்தார். கொட்டடிக்குள் தொரை கதவில் மோதியது.

"வர்றேன் தாயி" என்று அவளிடம் சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.